பத்து

புஜ்ஜிலிருந்து கூரியரில் வந்தது மண்.
ஒரு கிலோ. ரசீதில்: பெண்டோனைட், சலித்தது.
"வெளியே கால் வச்சா மண்ணு.
இதுக்குப் போயி காசு குடுத்தீங்களா மேடம்?"
பெட்டியைப் பிரித்துக்கொண்டே கேட்டான்
ஸ்டோர்ஸ் முனிரத்தினம்.
பில்லில் கையெழுத்துப் போட்டேன்.
பதில் சொல்லவில்லை.

இந்த மண் அப்பளக் கட்டு மாதிரி.
ஒன்றன்மேல் ஒன்றாய்த் தகடுகள்,
தண்ணீர் குடித்தால் விலகும்.
விலகிய சந்தில் இலையின் சாறு போய் உட்காரும்.
உட்கார்ந்ததும் எழுந்துவிடக் கூடாது,
உட்கார்ந்தே இருந்துவிடவும் கூடாது.
இரண்டு வருடமாய் எனக்கு வேறு கவலை இல்லை.
சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க
மாதம் ஒருமுறை சேலம் பஸ்,
மடியில் மூன்று சின்னக் குப்பிகள்.

இலைக்குக் கூரியர் வேண்டாம்.
பர்கூர் சாலையில் எங்கள் கல்லூரிச் சுற்றுச்சுவர் ஓரம்,
சைக்கிள் ஷெட், கேன்டீன் கழிவுநீர் போகிற வழி,
எங்கும் வெட்டுக்காயப் பூண்டு.
தன் பெயரிலேயே
மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டு முளைக்கிற செடி.
அரைக் கோணி பறித்து, நிழலில் உலர்த்தி,
அரைத்து, வடித்து, ஆவியாக்கினால்
குடுவையின் அடியில்
காப்பிக் கசண்டு போல ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

முதல் மணி நேரத்தில் முப்பது விழுக்காடு வெளியே வந்தது.
மீதி, மூன்று நாள், சொட்டுச் சொட்டாய்.
மூன்று நாள் கட்டை அவிழ்க்க வேண்டாம்!
அன்று எனக்கு நானே
ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.
எலிகளின் முதுகில் மஞ்சள் குறி.
பதினான்காம் நாள்
நான்காவது எலியின் காயத்தைத்
தேட வேண்டியிருந்தது.

அதற்கடுத்த செவ்வாய் திம்மராயன் வந்தான்.
முனிரத்தினத்தின் மச்சான்,
ஜெகதேவிப் பக்கம் கல்குவாரியில் டிரில் பிடிக்கிறவன்.
கெண்டைக்காலில் கல் சீவிய காயம்.
மேலே காய்ந்து வெடித்த சாம்பல் நிறப் பத்து.
"என்ன இது?"
"நீங்க பண்றதுதான் மேடம். மச்சான் சொன்னாரு.
ஏரி மண்ணுல பூண்டை அரைச்சுப் போட்டுக்கினேன்."
பத்தின் ஓரம் தோல் சிவந்து பளபளத்தது.
தொடாமலே சூடு தெரிந்தது.

அதே இலை.
மண்ணும், ஏறக்குறைய, மண்தான்.
நடுவில் நூற்று இருபத்தோரு டிகிரி,
பதினைந்து நிமிடம்,
பிரஷர் குக்கருக்கு அக்கா மாதிரி ஒரு பாத்திரம்.
எருமை இறங்குகிற ஏரியில்
விதை போல் உறங்குகிற கிருமியைப் பற்றி
அவனுக்கு முனிரத்தினம் சொல்லவில்லை.
முனிரத்தினத்துக்கு நான் சொல்லவில்லை.
பில்லில் கையெழுத்துப் போட்ட அன்று சொல்லியிருந்தால்
அரை நிமிடம் ஆகியிருக்கும்.

"உங்ககிட்ட இருக்கறதுல கொஞ்சம் போட்டாக்கா?"

குளிர்பெட்டியில் இருந்தது, நாற்பது கிராம்.
எலிக்கு அனுமதி தந்த காகிதமும் இருந்தது.
அதில் மனிதன் என்ற சொல்
கையெழுத்துப் போட்டவர்களின் பெயருக்கு மேல்கூட இல்லை.
"போடக் கூடாது."
"எலிக்குப் போட்டீங்களாமே."
"எலி வேணாம்னு சொல்லாது."
சிரித்தான். காலை மாற்றி வைக்கையில்
சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து
அரசு மருத்துவமனை.
தடுப்பூசி. பெயர், வயது முப்பத்தொன்று, குவாரி வேலை.
நர்ஸ் உப்புநீரை ஊற்றினார்.
பத்து உடனே விடவில்லை.
ஊறி, உப்பி, அடுக்கடுக்காய்,
நான் இரண்டு வருடமாய் வேண்டிக்கொண்டபடியே
மெல்ல, மிக மெல்ல விட்டது.
பச்சை கலந்த சேறு டிரேயில் இறங்கியது.

"இதை யாருப்பா போடச் சொன்னது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை.